பூக்கட்டிப் பார்த்த வீடு

இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவையே வைத்துக் கட்டினான் ஹேமநாதன்.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்பதுதான் முறை. சாமி முன்னால் வைத்துக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் முனியாண்டி சரி என்கிறார். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறார். இரண்டிலும் சிவப்பு என்றால் ஹேமநாதன் வேண்டாம் என்கிறான்.

கட்ட வேண்டியவர் பூசாரி மணியம். செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்தார்.

"நீயே கட்டிரு லா தம்பி, எனக்குக் கண்ணு சொருவுது" என்று வாழையிலையையும் நூலையும் அவன் கையில் திணித்துவிட்டுச் சூலத்தைக் கழுவப் போய்விட்டார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தான். ஹேமநாதன் மளமளவென்று கட்டி முடித்தான்.

கேள்வி வீட்டைப் பற்றியது. சொந்த வீடே இல்லாதவர்கள் முதல் வீடு வாங்கினால் டெபாசிட் பணத்தை அரசாங்கமே போடும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. அவன் மனைவி லோகேஸ்வரி அதற்காக ஒரு வருடம் நாயாய் அலைந்தாள். செனாவாங்கில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு அவர்கள் பெயரும் வந்துவிட்டது. இருவரும் போய்க் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. நாளையோடு கெடு முடிகிறது. விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஹேமநாதனுக்குப் பயம்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம். மாடு தானம்தான். முப்பத்தைந்து வருடம் மாதத் தவணை என்று அதற்குப் புல் போடுவது யார்? அவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். லோரி படுத்தால் சம்பளமும் படுக்கும். இந்த ரந்தாவ் தோட்டத்தில் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டில் வாடகை என்ற பேச்சே கிடையாது.

பயம் என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? அம்மா தோட்டத்தை விட்டு வராது என்று சொல்லி வைத்திருந்தான். மயிலம்மாள் பிறந்தது, ரப்பர்ப் பால்மரம் வெட்டியது, தாலி கட்டிக்கொண்டது, அதை அறுத்தது எல்லாம் இங்கேதான். ஆகவே அவளைக் கேட்க வேண்டியதே இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

லோகேஸ்வரி அதற்கும் மசியவில்லை. கடைசியில் சாமியைக் கேட்டுவிடலாம் என்றான். முனியாண்டியே கம்பெனி நிலத்தில் பட்டா இல்லாமல் உட்கார்ந்திருப்பவர். அவரிடம் போய் வீடு வாங்கலாமா என்று கேட்பது நியாயமில்லைதான். ஆனால் அவர் சொல்லிவிட்டால் லோகேஸ்வரி மறுபேச்சுப் பேச மாட்டாள்.

பொட்டலங்களைப் பூத்தட்டில் வைத்தபோதுதான் சுருட்டு வாங்க மறந்தது தெரிந்தது. சுருட்டு இல்லாமல் முனியாண்டி வாய் திறக்க மாட்டார். தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்குப் பறந்தான்.

திரும்பி வந்தபோது லோகேஸ்வரி கண்ணை மூடி நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது. பாவம் வேறு, தவணை வேறு என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டான்.

மணியம் சுருட்டைப் பற்றவைத்துச் சூலத்தடியில் வைத்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு சூடம் காட்டினார். மயிலம்மாள் கண்ணை மூடித் தட்டில் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மணியம் நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

எல்லாரும் சாமியைப் பார்த்துக் கும்பிடும் நேரம் ஹேமநாதன் மற்றப் பொட்டலத்தை எடுத்து முதுகைக் காட்டிப் பிரித்தான்.

அதுவும் வெள்ளை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? இலையைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெண்டாட்டியின் வேலையோ என்று திரும்பிப் பார்த்தான். அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள். லோகேஸ்வரிக்கு நடிக்க வராது. அந்த அழுகை உண்மை.

அப்படியென்றால் சாமிதான். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமும் இவரை ஒரு கல் என்றல்லவா நினைத்திருந்தோம் என்று கன்னத்தில் பட்பட்டென்று போட்டுக்கொண்டான்.

மயிலம்மாள் திருநீற்றோடு அவன் பக்கம் வந்தாள். ஒரு கையால் அவன் கண்ணை மறைத்து, மறு கையால் நெற்றியில் பூசினாள்.

"ரெண்டுலயும் செவப்பு வச்சா சாமி கண்ணக் குத்தும்டா" என்றாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

கையை எடுக்காமலே அவள் இன்னும் நெருங்கி வந்தாள்.

"மழையில கொடையப் புடிச்சிக்கிட்டு லயத்துக்குப் பின்னால ஓடி ஓடி என் முட்டி போச்சு. அந்த வீட்டுல கக்கூசு உள்ளாறதான இருக்கு?"

"ரெண்டு இருக்கும்மா."

"அடப்பாவி" என்றாள் மயிலம்மாள்.