மத்தியானப் பாட்டு

யாரென்று தெரியாத ஒருவன் கொத்தனாருக்கு முந்நூற்று ஐம்பத்தேழு ரூபாய் கடன்பட்டிருந்தான். போனில் பாட்டு கேட்க அவர் மாதம் நூற்றுப் பத்தொன்பது கட்டுகிறார். ஆறு மாதமாக மதியச் சாப்பாட்டு வேளையில், ‘இந்தக் கணக்கில் வேறு போனில் பாட்டு ஓடுகிறது’ என்று சொல்லி அவர் பாட்டு நின்றுவிடுகிறது. ஓசியில் கேட்கிறவனிடம் பாதிப் பணத்தையாவது கறக்காமல் விடுவதில்லை என்றிருந்தார்.

முதல் சந்தேகம் கூட வேலை பார்க்கும் பெயின்டர் மேல்.

“மாசத்துக்கொரு நம்பர் மாத்தி இலவசத்துலயே காலத்த ஓட்டுறவன் நான். உங்க பாஸ்வேர்டு எனக்கெதுக்குண்ணே?” என்றான் அவன்.

அன்று மாலை மனைவியைப் பிடித்தார். “மத்தியானம் இங்க யாரு பாட்டு கேக்குறது?”

“எனக்குத் துணி துவைக்கவே நேரமில்ல. என்ன பாட்டு ஓடுதுன்னு பாத்தீங்களா?”

எழுத்துக்கூட்டிப் படித்தார். அத்தனையும் தாலாட்டு.

“நம்ம வீட்டுல தொட்டில் ஆடிப் பதினஞ்சு வருசமாச்சு,” என்றாள். “மூணு மாசம் இலவசம்னு மொதல்ல பாட்டுப் போட்டீங்களே, அந்தப் பழைய போன் யாருகிட்ட இருக்கு?”

தங்கையிடம். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று இரண்டு வருடமாக இருப்பவர் இவர்தான்.

பாஸ்வேர்டை மாற்ற எடுத்த போன் கையிலேயே இருந்தது.

“அப்போ கொழந்தைக்கு ஆறு மாசம்,” என்றார்.

“அந்த முந்நூத்தி அம்பத்தேழ வசூல் பண்ணலையா?”

“போடி. தாய்மாமன் நான்தானே கடன்காரன்,” என்று தங்கையின் நம்பரை அழுத்தினார்.