ஹாட்லிக்கு நூல் கட்டிய நாள்

உள்ளங்கையில் அவித்த முட்டையை ஏந்தி நீட்டியபடி ஹாட்லி உட்கார்ந்திருந்தான். அவன் மணிக்கட்டில் கட்டவேண்டிய வெள்ளை நூல் என் கையில் இருந்தது.

லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து செயின்ட் பால் நகரத்தில் குடியேறிய எங்கள் ஹ்மாங் ஜனத்தில் பாதி என் தங்கை வீட்டுக் கூடத்தில் இருந்தது. மீதிப் பாதி வெளியே பனியில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது.

ஹாட்லி ஊழியக்காரப் பையன். இருபத்தொரு வயது. அவனுடைய சபையில் இந்த வயதுப் பையன்களுக்கு 'மூப்பர்' என்று பட்டம். மீசை முளைத்த பாடில்லை. உயரம் மட்டும் தாராளம். எங்கள் வீட்டு விளக்குகள் எல்லாம் அவன் நெற்றியில் பட்டுப் பட்டே பழுதாயின.

இரண்டு வருடம் வேதம் சொல்ல எங்கள் தெருக்களில் கதவு தட்டினான். எங்கள் பாஷையை எங்கள் பேரப்பிள்ளைகளைவிடச் சுத்தமாகப் பேசினான். அது பெரிய விஷயமில்லை. எங்கள் பேரப்பிள்ளைகளைவிட எங்கள் பூனை சுத்தமாகப் பேசும்.

இத்தனைக்கும் ஞானஸ்நானத் தண்ணீரில் ஒருத்தரும் இறங்கவில்லை. பனியை வாரச் சொன்னோம், வாரினான். சோபாவைத் தூக்கச் சொன்னோம், தூக்கினான். என் தங்கையின் மிளகாய்த் துவையலைத் தின்னச் சொன்னோம். கூரைமேல் கிடக்கும் பனியைக் கரைக்கிற துவையல் அது. தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான்.

துவையலுக்காகக் கேட்கவில்லை, பரிமாறியது காவ் நூ என்பதால் கேட்டான் என்று கண்டுபிடித்தவன் என் தங்கை புருஷன் சோங் நெங். காவ் நூ அவனுடைய ஒரே மகள். நர்ஸ் படிப்பை முடிக்கப்போகிறவள்.

அன்றோடு அவனுக்குத் தூக்கம் போயிற்று. இந்த ஒட்டகச்சிவிங்கி தன் மகளை அதன் சொந்த ஊரான ஐடஹோவுக்குக் கொண்டுபோய் ஆயுசு முழுக்க உருளைக்கிழங்கு தின்னவைக்கும் என்று பயந்தான்.

ஊழியம் முடியும்வரை பெண்ணோடு தனியே பேசக்கூடாது என்று சபையில் கட்டளை. அந்தக் கட்டளையை ஹாட்லி மீறவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஊழியம் முடிகிறது.

சோங் நெங் கண்டுபிடித்த வைத்தியம் இது. "ஊருக்குப் போற பையன். நூல் கட்டி, நம்ம பேரு ஒண்ணு வச்சு, எங்க காங் குலத்துல சேத்துக்கிடுவோம் மச்சான்."

எங்களில் ஒரே குலத்துக்காரர்கள் அண்ணன் தங்கை. ஒருத்தர் லாவோஸில் பிறந்திருந்தாலும், இன்னொருத்தர் பிரான்சில் பிறந்திருந்தாலும் அப்படித்தான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே அசிங்கம். மரியாதை செய்கிற மாதிரியே வேலி போடுகிறான் மனிதன்.

"அந்தப் பையன் வேதப் புத்தகத்துலயே எல்லாரும் அண்ணன் தங்கச்சின்னுதான போட்டிருக்கு. நான் புதுசா என்ன சொல்லிட்டேன்?" என்றான். இரண்டு வருடப் பிரசங்கத்தில் அவன் காதில் ஏறியது அந்த ஒன்றுதான்.

முதல் நூலைக் கட்டிப் பெயர் சொல்லும் பொறுப்பை எனக்குத் தந்தான். அந்த வீட்டுக்கு நான் தாய்மாமன். தாய்மாமன் நாலு பேர் முன்னால் சொன்னதை அப்புறம் யாரும் மாற்ற முடியாது. வேலி உறுதியாக இருக்கட்டும் என்று பார்த்தான்.

கூடத்துக்கு வருமுன் சமையலறையில் தலையை நீட்டினேன். வான்கோழி இறைச்சி ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கு முழுநேர வேலை.

காவ் நூ கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. கொத்தமல்லிக்கு யாரும் அழுவதில்லை.

என் தங்கை அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "அண்ணே, நூல நல்லா இறுக்கிக் கட்டு."

இப்போது வழக்கப்படி, சுற்றி இருந்தவர்கள் ஹாட்லியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். சோங் நெங்கின் முகத்தில், காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தவனின் சாந்தம். கூட வந்த இன்னொரு மூப்பர் போனில் படம் எடுத்தான்.

நூலால் அவன் கையைத் தடவி, கெட்டது வெளியே போகட்டும், நல்லது உள்ளே வரட்டும் என்றேன். நூறு வருடம் வாழச் சொன்னேன். அவன் உயரத்தைப் பார்த்து இன்னும் இருபது கூட்டிக் கொடுத்தேன். பிறகு முடிச்சைப் போட்டேன்.

"இன்னையிலேருந்து இவன் பேரு லெங். குலம், முவா."

வெளியே பனி விழுகிற சத்தம் கேட்டது, சத்தியமாக.

முவா என் குலம். எங்களில் பெண்கள் புருஷன் வீட்டுக்குப் போனாலும் பிறந்த குலத்தை விடுவதில்லை. என் தங்கை இன்றும் முவாதான். என் குலத்தில் நான் சேர்த்தவன் எனக்கு மகன், அவளுக்கு அண்ணன் மகன். அவள் பெண்ணுக்கு அவன் என்ன முறை என்பதைப் பெண்கள் பக்கம் எனக்கு முன்பே கணக்குப் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

சோங் நெங் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு மாடு வெந்திருக்கும்.

"காங்னுதான மச்சான் சொல்லச் சொன்னேன்."

"எழுபது வருஷமா முவா முவான்னே சொல்லிப் பழகின நாக்கு மாப்ளே. நான் என்ன பண்ண?"

பையனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. குலமும் முறையும் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைத்தேன்.

அவன் முட்டையைத் தட்டில் வைத்தான். எங்கள் வழக்கப்படி முழந்தாளிட்டு முதலில் என்னை வணங்கினான். "அப்பா" என்றான். அடுத்து என் தங்கையை வணங்கி, "அத்தை" என்றான்.

பிறகு சோங் நெங் பக்கம் திரும்பினான். காது இரண்டும் பழுத்துப்போயிருந்தன.

"மாமா, அடுத்த வாரம் ஊழியம் முடிஞ்சதும் எங்கப்பாவக் கூட்டிக்கிட்டு ஒங்கள வந்து பாக்கலாமா?"

எங்கப்பா என்று அவன் கை காட்டியது என்னை.