ஒன்றாம் நம்பரின் சாவி

‘அனுமதி இல்லை’ என்று திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்ததும் சீனியர் ஆசையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றாம் நம்பர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் அடுத்த சுவிட்சுக்குப் போய்விட்டது. அது பத்தொன்பதாவது. இரண்டாம் நம்பர் இன்னும் பதினாறிலேயே தடவிக்கொண்டிருந்தது.

சீனியருக்கு வயிறு எரிந்தது.

நெட்வொர்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட்களுக்காக அந்தக் கம்பெனி ஒரு லாகின் கருவி செய்திருந்தது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டிக்குள், ஒவ்வொரு தடவையும் கருவி தரும் புதுச் சாவியால் எப்படி நுழைவது, வேலை முடிந்ததும் எப்படி வெளியேறுவது என்று ஏஜென்ட்கள் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பக்கம் எழுத வேண்டும். சீனியரும் எழுதினார், எட்டு மாதம் முன்பு சேர்ந்த புதுப் பெண்ணும் எழுதினாள். எது தேவலை என்று பார்க்க, மேனேஜர் சோதனை அறையில் இரண்டு ஏஜென்ட்களை ஓடவிட்டார்.

“ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் எழுதின பக்கத்தைக் குடுத்திருக்கேன். யாரோடது எதுக்குன்னு நாலு மணிக்குச் சொல்றேன்” என்றார் காலையில். “நாப்பது சுவிட்சையும் எது முதல்ல முடிக்குதோ, அதுக்கு எழுதினவங்கதான் இனிமே எல்லாக் கையேடும் எழுதுவாங்க. இன்னொருத்தர் புகார்ப் பிரிவுக்குப் போகணும்.”

பதினான்கு வருடம் கையேடு எழுதியவர் இனி உட்கார்ந்து ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதுவதா?

மேனேஜர் சொல்லாவிட்டால் என்ன, கண் இல்லையா? சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் புதுப் பெண்ணின் மேஜையருகே நின்று அவளோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன்னால் ஓடுவது யாருடையது என்று சொல்ல ஜோசியரா வேண்டும்?

அவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. போன வாரம் அவர் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினாள். ஏஜென்ட் வெளியே வந்ததும் பழைய சாவியாலேயே மறுபடி ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும், உள்ளே விடவில்லை என்றால்தான் சரியாக வெளியேறியதாக அர்த்தம் என்று எழுதியிருந்தார்.

“வீட்டைப் பூட்டிட்டு, பூட்டை இழுத்து இழுத்துப் பாக்கற ஆளாண்ணா நீங்க?” என்று கேட்டாள். ஆபீசே சிரித்தது. அதிலிருந்து அவள் ‘அண்ணா’ என்று கூப்பிட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி இரண்டு. ஒன்றாம் நம்பர் முப்பத்தொன்றை முடித்திருந்தது.

கையேட்டுக்குப் படம் எடுப்பதற்காக லாகின் கருவியின் நிர்வாகப் பக்கத்தைச் சீனியருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அதில் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நேராக ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் அதற்கு அடுத்த சாவி கிடைக்காது. யாராவது கேட்டால், படம் எடுக்கும்போது கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். புதுப் பெண் திரையிலேயே கண்ணாக இருந்தாள்.

ஒன்றாம் நம்பருக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தார்.

அவ்வளவுதான். முப்பத்திரண்டாவது சுவிட்சின் வாசலிலேயே அது நின்றுவிட்டது. இரண்டாம் நம்பர் நொண்டி நொண்டி நடந்து, நான்கு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது நாற்பதைத் தொட்டது.

“காலையிலேர்ந்து அந்த ஓட்டம் ஓடிட்டு, கடைசியில இப்படிப் படுத்துடுச்சே” என்று மேனேஜர் தலையைச் சொறிந்தார். “சரி, பேச்சுன்னா பேச்சுதான். ரெண்டாம் நம்பருக்குத்தான் ஜெயம். பேரு எழுதின சீட்டு என் ரூம்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்.”

அவர் போனதும் சீனியர் திரும்பிப் பார்த்தார். புதுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அவர் நெஞ்சு குளிர்ந்தது. ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை தானாக வரும் அல்லவா, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“விடும்மா. தோத்தா என்ன? புகார்ப் பிரிவும் நல்ல வேலைதான். உனக்கு வயசு இருக்கு.”

“நான் எனக்காக அழலைண்ணா.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “சாப்பாட்டு நேரத்துலயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், நான் தோத்தாச்சு சார், அண்ணனைக் கிண்டல் பண்ணினதுக்கு எனக்கு நல்லா வேணும்னு. சேந்து சிரிச்சோம். உங்க பதினாலு வருஷம் இப்படிப் போயிடுச்சேன்னுதான் தாங்கலை.”

சீனியருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா சொல்றே?”

அவள் திரையில் வரிசையாகக் கிடந்த சிவப்பு வரிகளைக் காட்டினாள்.

“ஒண்ணாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் பூட்டை இழுத்துப் பாத்துட்டுதானேண்ணா போச்சு, நீங்க பாக்கலையா?”