எருமைக்கு அரித்த இடம்

உண்ணி பொறுக்க ஆள் வேண்டுமென்று குளத்தங்கரை எருமை சொல்லியனுப்பியிருந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தீனி கிடைக்காத ஒரு மைனா, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு விடிந்ததும் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் ஒரு காகம் எருமையின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

"முன்பு யாரிடம் இருந்தாய்?" என்று எருமை கேட்டது.

"ஒரு கிழட்டுப் பசுவிடம். உடம்பெல்லாம் நாற்றம். என் அருமை அதற்குத் தெரியவில்லை," என்றது காகம்.

எருமை வாலை ஒரு வீசு வீசியது. காகம் பறக்க வேண்டியதாயிற்று.

அடுத்து மைனாவிடம் அதே கேள்வி. பயத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு காளையிடம் இருந்தேன். நல்ல காளை, நான் கொத்தும்போது அசையாமல் நிற்கும். சந்தையில் விற்றுவிட்டார்கள்," என்ற மைனா, தயங்கியபடி கேட்டது: "உங்களுக்கு எங்கே அதிகமாக அரிக்கிறது?"

எருமை நிமிர்ந்து பார்த்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"இடது காதுக்குப் பின்னால். வாலும் எட்டாது, கொம்பும் எட்டாது."

மைனா தத்தி ஏறி நாலைந்து உண்ணிகளைப் பிடுங்கியது. எருமைக்குக் கண் சொருகியது.

"வேலைக்கு எப்போது வரட்டும்?" என்றது மைனா.

எருமை தலையைத் திருப்பி, வலது காதையும் காட்டியது.