ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

“ரோக்கு!” என்றாள் மகள். ஜப்பான் மொழியில் ஆறு. இருபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் காற்றில் குத்துவிட்டார்கள். அதோடு எண்ணிக்கை நின்றுவிட்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். போச்சு, மாட்டிக்கொண்டாள்.

பத்து வயது மகளுக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தையில் அவள் சிக்கினால் மீதியை அம்மாவே சொல்லி முடித்துவிடுவாள். ஆஸ்பத்திரி விசாரணை கவுன்ட்டரில் வேலை. எதிரே நிற்பவர் வாயைத் திறக்கும் முன்பே, “எக்ஸ்ரேயா? மாடிக்குப் போங்க, இடது பக்கம்” என்று சொல்லிப் பழகிய வாய். இந்தக் கராத்தே வகுப்பில்தான் அது பலிக்கவில்லை. ஏழுக்கு ஜப்பான்காரன் என்ன சொல்வான் என்று தெரிந்திருந்தால் ஜன்னல் வழியாகவே கத்தியிருப்பாள்.

வகுப்பின் வழக்கம் அப்படி. தினம் ஒரு பிள்ளை முன்னால் நின்று பத்து வரை எண்ண வேண்டும். மற்றவர்கள் காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு குத்து. அடுத்த எண் வரும்வரை கால் அசையக் கூடாது. அசைந்தால் இருபது தண்டால்.

இன்று மகளின் முறை. காலையிலேயே அம்மா நைசாகப் பேசிப் பார்த்தாள். “இன்னிக்கு லீவு போட்டுடலாம்டி. காய்ச்சல்னு நான் சொல்லிக்கறேன்.”

“மா… மா… மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அம்மா எப்போதும் முடித்துக் கொடுப்பதில்லை.

ஆறு மாதம் முன்பு இந்த வகுப்பில் சேரும்வரை, கடையில் பென்சில் வாங்கக்கூட மகள் சீட்டு எழுதித்தான் நீட்டுவாள். இப்போது பின்னால் நாலு பேர் நின்றாலும் சரி, கேட்டுத்தான் வாங்குகிறாள். அந்த நேரத்தில் நெளிகிறவள் அம்மாதான். அதனால் கைப்பையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. ‘என் மகளை இன்றோடு வகுப்பிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்.’ தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக.

மூன்றாம் எண்ணிலேயே மகள் ஒரு முறை சிக்கினாள். எப்போதும்போலக் கண்ணை இறுக மூடி, பெல்ட்டின் நுனியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, “ஸா… ஸா… ஸான்!” என்று இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

இரண்டாம் வரிசைப் பையன் உடனே, “லோடிங்… லோடிங்…” என்று சத்தமில்லாமல் வாயசைத்தான். அவனுக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். பள்ளியிலும் இவள் வகுப்புதான். இவள் பாடம் வாசிக்க எழுந்தாலே அந்த ‘லோடிங்’கைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பவன்.

இப்போது, ஆறுக்குப் பிறகு, அதைவிட மோசம். மகளின் இரண்டு கையும் இடுப்பில். கண்ணை அகல விழித்து, இமைக்காமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அழுகையை அடக்குகிறாள் பாவம் என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியது.

பிள்ளைகளின் தொடைகள் நடுங்க ஆரம்பித்தன. ஜன்னலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற மைக்செட்டின் அப்பா உச்சுக்கொட்டினார். “மாஸ்டர், வேற புள்ளைய எண்ணச் சொல்லுங்க. இது இன்னிக்கு முடியாது போல!”

மாஸ்டர் திரும்பக்கூட இல்லை. “முன்னாடி நிக்கறவங்க எண்ணுவாங்க சார்.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “எம் பொண்ணு மெதுவாத்தான் எண்ணுவா. உங்க பையனால நிக்க முடியலன்னா அதச் சொல்லுங்க.” சொல்லிவிட்டாளே தவிர, விரல்கள் கைப்பைக்குள் கடிதத்தைத் தேடின.

மைக்செட்டின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அப்போதும் உதடு ‘லோடிங்’ என்றது. தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்ததில் தோள் குலுங்கியது. தோளோடு இடுப்பு, இடுப்போடு முட்டி. தொம்மென்று தரையில் உட்கார்ந்தான்.

“ஷிச்சி!” என்றாள் மகள், மணியடித்த மாதிரி.

விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டு வார்த்தை வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். எட்டும் ஒன்பதும் பத்தும் எப்படியோ முடிந்தன. மைக்செட் மூலையில் தண்டால் எடுக்கப் போனான். அவன் அப்பாவுக்குத் திடீரென்று போனில் அவசர வேலை வந்துவிட்டது.

வகுப்பு கலைந்ததும் அம்மா கடிதத்தோடு மாஸ்டரை நோக்கி நடந்தாள். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

“போதும்டி கண்ணு. ஏழுகிட்ட நீ பட்ட பாட்டப் பாத்தேன். இத்தன பேர் முன்னாடி நீ திக்கிக்கிட்டு நிக்க வேணாம்.”

“நா… நா…”

“நாளைலேருந்து வரலங்கறியா? அதத்தான் நானும்…”

மகள் உள்ளங்கையை நீட்டி நிறுத்தினாள். கண்ணை இறுக மூடினாள், பெல்ட்டின் நுனியை முறுக்கினாள். அம்மா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

“நா… நான் ஏழுல திக்கவே இல்லம்மா. அவன் வி… விழட்டும்னுதான் நிறுத்தி வெச்சேன்.”