யார் வீட்டு கரண்ட்

மீட்டர் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னப்புறம்தான் இஸ்திரிப் பெட்டியப் போடணும். முந்திக்கினே, முதுகுல ரெண்டு வைப்பேன்" என்று உள்ளே இருந்த மகளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாங்கள் நாலு குடித்தனம். நாலு மீட்டரும் நடையில் ஒரே மரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குப் பூட்டு, சாவி முதல் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் லட்சுமணனிடம். வெளியிலிருந்து தெரிவதெல்லாம் நாலு கண்ணாடி, உள்ளே நாலு சக்கரம்.

மூன்றாவது கண்ணாடி எங்களுடையது. அதில் சக்கரம் நின்று பதினோரு நாளாகிறது.

ஐந்து மாதமாக என் வீட்டுக்காரர் கம்பெனியில் கதவடைப்பு. ஒரு கரண்ட் பில் கட்டவில்லை, அடுத்ததும் கட்டவில்லை. நான் தையல் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆச்சரியம், ஐந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் குண்டு பல்பு எரிந்ததுதான்.

என் வீட்டுக்காரர் அந்தோணிராஜைக் கேட்டேன். "அந்தோணியார் புதுமை" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புனிதர் அந்தோணியார் அற்புதம் செய்து தொலைந்த சாமானைத் தேடிக் கொடுப்பார். ஓட்டில் ஏறி ஒயர் இழுக்கமாட்டார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் சோறு இறங்காது. ஓட்டு இடுக்கெல்லாம் பார்த்தேன். புகைக்கரியும் ஒட்டடையும்தான் தெரிந்தன.

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பல்பை அணைக்க மனசு வரவில்லை. எரியவிடவும் பயமாக இருந்தது. அது லட்சுமணன் மீட்டரிலிருந்து வருகிறது என்றால் தொலைந்தோம். ஏற்கெனவே வாடகை பாக்கி. கரண்ட் திருடி என்று பட்டம் கட்டி, அன்றைக்கே சாமானைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார். பரீட்சைக்கு நடுவில் பெண்ணை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

ஒரு பல்புக்குச் சக்கரம் ஊர்ந்துதான் போகும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால், யார் மீட்டராக இருந்தாலும் பேய் பிடித்த மாதிரி ஓடும். இந்த யோசனை தோன்றியதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சந்தேகப்பட இரண்டே பேர். ஒன்று லட்சுமணன். இன்னொன்று இரண்டாவது வீட்டு ஜமீலா. அவள் வீட்டுக்காரருக்கு ஆவடியில் சர்க்கார் வேலை. நோன்புக் கஞ்சியைத் தூக்கு நிறைய ஊற்றிக் கொடுக்கிறவள், கரண்டும் கொடுக்கக்கூடியவள்தான்.

நாலாவது கண்ணாடி வேம்புலியம்மாளுடையது. அவள் புருஷன் கஜபதியும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி, ஒரே கதவடைப்பு.

"எங்களுதும் புடுங்கினு பூட்டான் மேரி" என்று எங்களுடையதைப் பிடுங்கின அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் வீடு இருட்டு. பொழுது சாய்ந்ததும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஏரிக் கொசு பிடுங்கி எடுக்கும். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அவமானத்துக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி. எங்கள் பல்பு எரிய ஆரம்பித்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகி, வெளிச்சம் தெரியாமல் ஜன்னலைச் சாத்திவைத்தேன்.

நின்றுபோன மீட்டரை எதற்குப் பார்ப்பது? முதல் இரண்டு கண்ணாடியில் மட்டும் கண்ணை வைத்தேன்.

"போடுடி!"

லட்சுமணன் சக்கரத்தில் கறுப்புப் புள்ளி ஒரு சுற்று வர, முதலில் முப்பது வரை எண்ணியிருந்தேன். இப்போதும் முப்பதுதான். டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஓடுகிற அதே ஓட்டம்.

அப்பாடா. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்படியென்றால் ஜமீலாதான். குனிந்து அவள் கண்ணாடியைப் பார்த்தேன். அது எப்போதும்போல மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"போட்டியா இல்லியாடி?"

"சூடே ஏறிடுச்சும்மா!"

அப்போதுதான் ஓரக்கண்ணில் ஏதோ ஓடுவது தெரிந்தது.

நாலாவது சக்கரம். கறுப்புப் புள்ளி போன வேகத்தில் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நான் இல்லாத நேரத்தில் அவர்கள் வீட்டுப் பீஸ் கட்டை திரும்பி வந்திருக்கிறது. எதை அடகு வைத்தார்களோ, பில்லைக் கட்டியிருக்கிறார்கள். கஜபதி கம்பெனியில் ஒயர்மேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இரண்டு வீட்டிலும் எரித்தால் அடுத்த பில்லைக் கட்ட முடியாது. ஒரு வீட்டில்தான் எரியலாம். பரீட்சை இருக்கிற வீட்டில் எரியட்டும் என்று, தங்கள் வீட்டில் அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நானோ அந்த வெளிச்சம் அவள் கண்ணில் பட்டுவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

வெட்கமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சக்கரம் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவும் அவள் பணம்.

"அணைடி! அணை, அணை!"

நான் போட்ட கூச்சலில் வாசலிலிருந்து வேம்புலியம்மாள் பதறி எழுந்து நடைக்குள் ஓடிவந்தாள்.

"இன்னா மேரி, லைட்டு பூட்ச்சா? இரு இரு, எங்க ஊட்டுக்காரரு இப்ப வந்துருவாரு, பாக்கச் சொல்றேன்."

"இல்லக்கா" என்றேன். "எரியுது."