ஒரு நாள் விடுப்பு வேண்டி

ஆறாவது கடிதம் வருவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.

ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். சத்தம் மட்டும் மூவாயிரம் பேருக்கு உண்டானது.

யாரிடமாவது ஓர் உதவி கேட்டு, அவர் முடியாது என்று சொல்லவே முடியாதபடி கடிதம் எழுத வேண்டும். அதை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். இதுதான் போட்டி.

நடுவர், நான்.

“கார் சீட்டு தைக்கிற கம்பெனியில இருபத்திரண்டு வருஷம் லீவு லெட்டர் படிச்சவர். இவரை ஏமாத்தவே முடியாது” என்று ஆசிரியை சுபஸ்ரீ அறிமுகம் செய்துவைத்தார். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பெருமை அப்படியே இருந்தது.

நானும் விடவில்லை. என் மேஜைக்கு வந்த லெட்டர்களை அடுக்கினால் குன்றத்தூர் மலை குட்டையாகத் தெரியும் என்றேன். ஒரே மாமனாருக்கு நாலு தடவை காரியம் செய்தவனைப் பார்த்திருக்கிறேன் என்றேன். நாலாவது தடவை மாமனாரே நேரில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார் என்றேன்.

வகுப்பு பெஞ்சோடு உருண்டது.

ஸ்ரீதர் தன் சித்தப்பாவுக்கு எழுதியிருந்தான், தெருநாயைக் கல்லால் அடிக்க வேண்டாமென்று. நாய்க்காக அப்படி வாதாட ஹைகோர்ட்டில்கூட ஆள் கிடையாது. சுகப்பிரியா கம்பெனி பஸ் ஓட்டுநருக்கு எழுதியிருந்தாள், மழைத் தண்ணீரைப் பள்ளிப் பிள்ளைகள் மேல் இறைக்காமல் போகும்படி.

அடுத்து பாண்டிச்செல்வி எழுந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்து ரூம் எடுத்துத் தங்கிய குடும்பத்துப் பெண்.

பெறுநர் முகவரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கம்பெனி. வருகையும் லீவும் பார்க்கிற என் டைம் ஆபீஸ். நடுவருக்கே ஐஸ் வைக்கிறாள், கெட்டிக்காரி என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பொருள்: என் அப்பா மாரிராஜுக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டி.

வியாழக்கிழமை அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். பெரியவர் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்களாம். நான் போட்டால் செல்லாது, எனக்குப் பதினொரு வயதுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். அப்பாவின் இடத்தில் நிற்கப் பக்கத்து ரூம் பெருமாள்சாமி அண்ணன் சம்மதித்துவிட்டார், ஆகவே லைன் நிற்காது. தீபாவளியன்றும் அப்பா ஓ.டி. பார்த்தார். அதையும் நினைத்துப் பார்க்கவும்.

ஒரு வரியில்கூடக் கெஞ்சவில்லை. நான் என்னென்ன சாக்குச் சொல்லி மறுப்பேனோ அத்தனைக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருந்தாள்.

இப்படி ஒரு லெட்டர் வந்திருந்தால் லீவு என்ன, கம்பெனியையே எழுதிக் கொடுத்திருப்பேன் என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். பழைய பழக்கம், கண் நேராகத் தேதிக்குப் போனது. போன வருஷத்து மார்ச் மாதம்.

“தேதி தப்பு. அரை மார்க் போச்சு.”

“பழைய காலண்டரைப் பாத்து எழுதிக்கினு கீறா சார்” என்று எழுந்து நின்று சொன்னான் ஸ்ரீதர்.

“தப்பில்ல சார்” என்றாள் பாண்டிச்செல்வி. “அன்னைக்கு அப்பாவுக்கு லீவு கெடைக்கல. அடுத்த வாரம் அம்மா செத்துட்டாவ.”

ஸ்ரீதர் மெல்ல உட்கார்ந்தான்.

“அப்பா என்னையத்தான் லெட்டர் எழுதித் தரச் சொன்னாவ. வெளையாடப் போற அவசரத்துல ‘சொந்த வேலை’ன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டேன்.”

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

“இப்படி எழுதியிருந்தா குடுத்திருப்பாவளா சார்?”

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அதற்கு நான் பதில் சொல்லியிருந்தேன்.

“சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா” என்றேன். “நீ எப்படி எழுதியிருந்தாலும் கெடைச்சிருக்காது. அங்க லெட்டரை யாரு படிக்கிறா? பிரிச்சுக்கூடப் பாக்காம மூட்டையா கட்டி மூலையில போட்டுடுவாங்க.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண்ணை எடுத்தால் பொய் என்று முடிவு கட்டுவது என் வழக்கம். எத்தனையோ பேரை அப்படி வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். அதனால் நான் கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லெட்டரைக்கூட நான் படிக்காமல் விட்டதில்லை.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது அது வந்தது. உருண்டை உருண்டையான எழுத்து, இரண்டே வரி. ‘சொந்த வேலை’ என்பதன் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்து, “மச்சினி கல்யாணமா, மட்டன் விருந்தா?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

மாரிராஜ் வந்து விளக்கம் சொல்லவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அன்று டைம் ஆபீசில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.